முன்பாரமா, பின்பாரமா?

பாரம் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று மேட்டில் ஏறுவதைக் கவனித்திருக்கிறீர்களா? வண்டிக்காரர் சற்று முன்னே நகர்ந்து, ஏர்க்காலை ஒட்டி உட்கார்ந்துகொள்வார். இறக்கம் வந்ததும் பின்னே தள்ளி அமர்வார். அவர் இயற்பியல் பாடம் படித்தவராக இல்லாமலிருக்கலாம். ஆனால் அவரிடம் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று முன்பாரம், மற்றொன்று பின்பாரம். வண்டியில் முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கிக்கொண்டு, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை நெரிக்கும். இரண்டுக்கும் நடுவே வண்டியை நிறுத்துவதுதான் பாரம் ஏற்றும் கலை.

இன்று சிவகங்கை மாவட்டத்துக் கண்டரமாணிக்கம் போன்ற ஊர்களில் மாடுகள் இழுத்த பாரத்தின் பெரும்பகுதியை டிராக்டர் இழுக்கிறது. அதன் பின்னால் ஓடும் டிரெய்லரைப் பாருங்கள். ஓர் அச்சு, இரண்டு சக்கரங்கள், ஒரு தட்டு, முன்னே நீளும் ஏர்க்கால். மாட்டு வண்டியின் தம்பி என்றே அதைச் சொல்லலாம். ஒரு சிறு விவசாயி சிறிய டிராக்டர் ஒன்று வைத்திருக்கிறார். குறைந்த செலவில் அதற்கு ஒரு டிரெய்லர் வேண்டும் என்று நினைக்கிறார் என வைத்துக்கொள்வோம். அவர் எதைப் பார்க்க வேண்டும்? இரும்பின் விலையையா? அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அதை இக்கட்டுரையில் காண்போம்.

இழுக்க எவ்வளவு விசை வேண்டும்?

காற்றடைத்த டயர் பிறந்ததே விலங்குகள் இழுத்த வண்டிக்காகத்தான் என்றால் வியப்பாக இருக்கும். இராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-இல் அதற்குக் காப்புரிமை பெற்று, குதிரை வண்டிகளில் பொருத்திச் சோதித்துக் காட்டினார். அப்போது அது பரவவில்லை. 1888-இல் ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதை மீண்டும் கண்டுபிடித்தார். நம் ஊர்களில் டயர் பொருத்திய மாட்டு வண்டிக்கு 'டன்லப் வண்டி' என்ற பெயர் வந்தது இதனால்தான். பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராக இருந்த பேராசிரியர் என்.எஸ்.ராமசாமி, மாட்டு வண்டியைச் சீர்திருத்த வேண்டும் என்று 1970-களிலிருந்தே வலியுறுத்தி வந்தார். சக்கரமும் நுகத்தடியும் மேம்பட்டால் மாட்டின் துன்பமும் குறையும், அதே மாடு கூடுதல் பாரமும் இழுக்கும் என்பது அவர் கருத்து.

கணக்கைப் பாருங்கள். நம் டிரெய்லரின் சொந்த எடை 200 கிலோ. ஏற்றிய பாரம் 500 கிலோ. மொத்தம் 700 கிலோ. நல்ல தார்ச்சாலையில் காற்று நிறைந்த டயருக்கு, ஒவ்வொரு 100 கிலோ எடைக்கும் ஏறத்தாழ 2 கிலோ எடை அளவு இழுவிசை போதும். ஆக 14 கிலோ. செம்மண் வண்டிப்பாதையில் இது சுமார் மூன்று மடங்காகி 42 கிலோ ஆகும். கண்மாய்க்குள் பொதபொதவென்ற மணலில் 140 கிலோவைத் தொட்டுவிடும். இருபது அடிக்கு ஓர் அடி உயரும் மேடு குறுக்கிட்டால், மொத்த எடையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 35 கிலோ, இவற்றோடு சேரும். (1 கிலோ எடை என்பது 9.8 நியூட்டன் என்பதை நினைவிற் கொள்க.)

ஆகவே, இழுப்பது பெரிய காரியமில்லை. எங்கே இழுக்கிறோம் என்பதே காரியம். தார்ச்சாலைக்கு மட்டும் டிரெய்லர் வேண்டுவோர் சிறிய சக்கரத்தோடு செலவைச் சுருக்கலாம். வயலுக்குள்ளும் கண்மாய்க்குள்ளும் இறங்க வேண்டியவர் அகன்ற, உயரமான டயரில் செலவைச் சுருக்கக் கூடாது.

ஆத்தங்குடிக் கல் ஏற்றினால்

கண்டரமாணிக்கத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஊர் ஆத்தங்குடி. கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் இட்டுக் கையாலேயே செய்யும் தரைக்கற்களால் பெயர் பெற்றது. பத்து அங்குலச் சதுரமும் முக்கால் அங்குலப் பருமனும் உள்ள கல்லின் எடை ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. 200 கற்கள் ஏற்றினால் 500 கிலோ ஆகிவிடும். அவற்றை உடையாமல் நெட்டுக்குத்தாக அடுக்கினால் எவ்வளவு இடம் பிடிக்கும்? ஒரு சதுர மீட்டருக்கும் சற்றுக் குறைவு! நம் டிரெய்லரின் தட்டு 240 செ.மீ. நீளம், 120 செ.மீ. அகலம் என்றால், அதில் மூன்றில் ஒரு பங்குதான் நிறையும். மீதி இடம் காலி.

அந்த மூன்றில் ஒரு பங்கு எது? இக்கேள்வியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

டிராக்டரோடு பின் மாட்டும் இடத்திலிருந்து அச்சு வரை 250 செ.மீ. என்க. தட்டின் முன்விளிம்பிலிருந்து அச்சு 130 செ.மீ. தள்ளி இருக்கிறது. காலி டிரெய்லரின் புவியீர்ப்பு மையம் அச்சுக்கு 25 செ.மீ. முன்னே இருந்தால், பின் மாட்டும் முனையில் 200 × 25 ÷ 250 = 20 கிலோ அழுத்தும். ஒருவர் கையால் தூக்கி மாட்டிவிடலாம். இது நெம்புகோல் தத்துவமேயன்றி வேறில்லை. அச்சுதான் ஆதாரப் புள்ளி. இனி, கற்களை மூன்று விதமாக அடுக்கிப் பார்ப்போம்.

முதலாவது, பின்பக்கக் கதவைத் திறந்து, இறக்குவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று அங்கேயே அடுக்கிவிடுவது. கற்களின் மையம் அச்சுக்கு 70 செ.மீ. பின்னே அமையும். 500 × 70 ÷ 250 = 140 கிலோ மேல்நோக்கித் தூக்கும். காலி வண்டியின் 20 கிலோவைக் கழித்தால், முனை 120 கிலோ விசையோடு மேலே எழும்ப முயலும். இதுதான் பின்பாரம். டிராக்டரின் பின்சக்கரங்கள் தரையைப் பற்றும் பிடி குறையும். ஊர் வந்ததும் அறியாமல் பின்னைக் கழற்றினால், ஏர்க்கால் துள்ளி எழுந்து கழற்றியவரின் தாடையைப் பெயர்த்துவிடும்.

இரண்டாவது, முன்பலகையோடு ஒட்டி அடுக்குவது. மையம் அச்சுக்கு 90 செ.மீ. முன்னே. 500 × 90 ÷ 250 = 180; காலி வண்டியின் 20-ஐயும் சேர்த்தால் 200 கிலோ முன்பாரம். இது டிராக்டரின் பின்னால் தொங்கும் எடை. ஆகவே பின்சக்கரத்தை ஆதாரமாகக் கொண்டு முன்சக்கரங்களை லேசாக்கும். மேட்டில் ஏறும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது!

மூன்றாவது, கற்களின் மையம் அச்சுக்கு 25 செ.மீ. முன்னே வருமாறு அடுக்குவது. 500 × 25 ÷ 250 = 50; மொத்தம் 70 கிலோ. 700 கிலோவில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு. வண்டியின் வகையைப் பொறுத்து நூற்றுக்கு 5 முதல் 15 வரை முன்பாரம் இருப்பது நல்லது என்பது பொதுவான அளவு. நம் கணக்கு அதன் நடுவில் அமர்ந்துவிட்டது.

கவனித்தீர்களா? மூன்று முறையும் அதே டிரெய்லர், அதே இரும்பு, அதே கற்கள். ஒரு முழத்துக்கும் இரு முழத்துக்கும் இடைப்பட்ட வேறுபாடுதான் நல்ல வண்டியையும் ஆளைக் கொல்லும் வண்டியையும் பிரிக்கிறது. அதற்குச் செலவு ஒரு காசு கூட இல்லை.

ஜீப் போன்ற வேகமான வண்டியின் பின்னால் பின்பாரத்தோடு டிரெய்லர் ஓடினால் இன்னோர் ஆபத்தும் உண்டு. சிறு குலுக்கலில் அது இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் அந்த ஆட்டம் அடங்காமல், ஊஞ்சலை உந்தினாற்போல் பெருகிக்கொண்டே போய் வண்டியையே கவிழ்க்கும்.

பட்டறையில் சொல்ல வேண்டியவை

பழைய வாகனத்தின் அச்சை வாங்கி, உள்ளூர்ப் பட்டறையில் சட்டம் கட்டி வெல்டு வைப்பது செலவைக் குறைக்கும் வழி. அப்போது இரண்டு செய்திகள் உதவும்.

ஓர் அளவுகோலை இரு புத்தகங்களுக்கிடையே படுக்க வைத்து நடுவில் அழுத்துங்கள், வளையும். அதையே விளிம்பில் நிறுத்தி அழுத்துங்கள், வளைய மறுக்கும். 30 மி.மீ. அகலமும் 3 மி.மீ. பருமனும் உள்ள பட்டையை நிறுத்தி வைத்தால் அதன் விறைப்பு 100 மடங்காகிறது. இரும்பு கூடவில்லை, நிற்கும் வாகுதான் மாறியது. எனவேதான் சட்டத்துக்குக் கனத்த தகட்டை விட்டுவிட்டு, செங்குத்தாக நிறுத்திய சேனல் இரும்பைப் பயன்படுத்துகிறார்கள். எடை குறையும், விலை குறையும், இழுக்கும் விசையும் குறையும்.

அடுத்து, அச்சைக் கடைசியில் பொருத்தச் சொல்ல வேண்டும். தட்டும் பக்கப் பலகைகளும் முடிந்தபின், சட்டத்தை ஓர் உருளைக் கம்பியின் மேல் வைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டு, அதற்குச் சற்றுப் பின்னே அச்சை யு போல்ட்டால் முடுக்கினால், தேவைப்படும்போது நகர்த்திக்கொள்ளலாம்.

பழையது வாங்குவோருக்கு

உபயோகித்த டிரெய்லர் வாங்குவோர் ஒரு கயிறு கொண்டுபோனால் போதும். பின் மாட்டும் துளையிலிருந்து இடப்பக்கச் சக்கரக் குடம் வரை அளக்கவும். பிறகு வலப்பக்கம் அளக்கவும். இரண்டும் சமமாயின் அது இருசமபக்க முக்கோணம். அச்சு நேராக இருக்கிறது. சமமில்லையெனில் வண்டி நண்டுபோல் ஒருக்களித்து ஓடும். டயரின் தேய்மானத்தையும் பாருங்கள். அச்சு வளைந்து ஒரு சக்கரம் மட்டும் 1 பாகை திரும்பியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் சுமார் 17 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. டயர் எத்தனை நாள் தாங்கும்?

பின்னர் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றுங்கள். கரகரவென்று ஒலித்தாலும், அசைத்தால் ஆடினாலும் பேரிங் போய்விட்டது. கடைசியாகச் சட்டத்தின் மூலைகளைச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருத் தின்ற இரும்பு மந்தமாக ஒலிக்கும். நீர் தேங்கும் மூலையிலேதான் துரு முதலில் பிடிக்கும். துருப்பிடித்தல் ஒரு மின்வேதி நிகழ்ச்சி. அதை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. 1948-இல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்திலும் நிதியிலும் எழுந்து, 1953-இல் திறக்கப்பட்டது அது. தேங்கும் நீர் வடிய ஒரு துளையும், மூலைக்குள்ளும் புகும் ஒரு பூச்சு வர்ணமும், டிரெய்லரின் ஆயுளைப் பல ஆண்டுகள் நீட்டும்.

ஓட்டுவதைவிட நிறுத்துவது பெரிது

பெரும்பாலும் மலிவான டிரெய்லரில் விட்டுப்போவது பிரேக்தான். 1000 கிலோ எடையுள்ள சிறு டிராக்டர் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் வருகிறது. அதன் பிரேக் 3000 நியூட்டன் விசை தருமானால், சுமார் 5 மீட்டரில் நின்றுவிடும். பிரேக் இல்லாத நம் 700 கிலோ டிரெய்லர் பின்னால் இருந்தால் 9 மீட்டர் தேவை. 'இடம்தான் காலியாக இருக்கிறதே' என்று டிரெய்லரின் மொத்த எடையை 2000 கிலோ ஆக்கினால், 15 மீட்டருக்கு மேல் ஓடும். வேகம் இரட்டித்தால் இந்தத் தூரங்கள் நான்கு மடங்காகும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறதல்லவா? திருப்பத்தில் பிரேக் பிடிக்கும்போதோ, பின்னாலிருந்து தள்ளும் டிரெய்லர் டிராக்டரை மடக்கிப் புரட்டிவிடும்.

எஞ்சினே இல்லாத டிரெய்லரையும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் வாகனம் என்றே வரையறுக்கிறது. ஆகவே அதற்கும் பதிவு வேண்டும். விவசாய வேலைக்கென்று பதிவு செய்ததை வாடகைக்குக் கல் ஏற்றப் பயன்படுத்துவது வேறு கணக்கு. கட்டும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டால் வீண் செலவு மிச்சம். கல்லும் வைக்கோலும் போகும் தட்டில் மனிதர்கள் ஏறிப் போகக் கூடாது. திருவிழாவுக்கும் மஞ்சுவிரட்டுக்கும் டிரெய்லரில் கூட்டமாக நின்று போவோர், தாமே நகரும் பாரமாகிவிடுகிறார்கள். வளைவில் எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தால் புவியீர்ப்பு மையமும் அவர்களோடு சாய்கிறது.

செய்து பாருங்கள்

ஓர் அட்டைப் பெட்டி மூடி, ஈர்க்குச்சி அச்சு, இரண்டு பாட்டில் மூடிகள் கொண்டு ஒரு சிறு டிரெய்லர் செய்யுங்கள். முன்முனையைக் கெட்டிக் கம்பியால் ஒரு பொம்மைக் காரின் பின்னால், தாராளமாகத் திரும்பும்படி மாட்டுங்கள். சாய்ந்த நீளப் பலகையில் உருட்டி விடுங்கள். ஐந்து நாணயங்களை முதலில் அச்சுக்கு முன்னும், பிறகு பின்னும் வைத்துப் பாருங்கள். எப்போது நேராக ஓடுகிறது, எப்போது வாலாட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு உங்கள் ஊரில் பாரம் ஏற்றும் டிரெய்லர் ஒன்றைத் தள்ளி நின்று கவனியுங்கள். அச்சு எங்கே இருக்கிறது? பாரத்தின் நடு எங்கே விழுகிறது? பின்பாரம் என்று கணக்கு சொன்னால், வண்டி கிளம்புவதற்கு முன் ஓட்டுநரிடம், "அண்ணே, இன்னும் ரெண்டு வரிசையை முன்னாலே தள்ளி அடுக்கலாமா?" என்று கேட்டுவிடுங்கள்.