அபராதம் மட்டும் போதுமா? புகைப்பதை நிறுத்த ஊராட்சி மன்றங்களும் உதவலாம்

‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்பார்கள். சிகரெட் விஷயத்தில் பலர் இதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். புத்தாண்டில் நிறுத்தியவர் பொங்கலுக்குள் மீண்டும் பற்ற வைத்துவிட்டால், “இவருக்கு மன உறுதியே இல்லை” என்று வீட்டில் முத்திரை குத்திவிடுகிறோம். அதோடு அவரும் முயற்சியைக் கைவிட்டுவிடுகிறார். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

ஏன் விட முடிவதில்லை?

சிகரெட்டில் உள்ள நிக்கோட்டினுக்கு மூளை அடிமையாகிவிடுகிறது. நிறுத்திய முதல் வாரத்தில் எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து வாட்டும். மூன்று, நான்கு வாரங்களில் இவை படிப்படியாகத் தணியும். அதுவரை தாக்குப்பிடிக்க மருந்தும் வேண்டும், ஆறுதலாகப் பேச ஆளும் வேண்டும். இந்த இரண்டையும் மக்களின் இருப்பிடத்திற்கு அருகிலேயே கொடுப்பது எப்படி? இங்கிலாந்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இங்கிலாந்தின் வழி

அங்கே 2007 ஜூலை 1 முதல் மூடிய பொது இடங்களில் புகைக்கத் தடை. ஆனால், தடையோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 2013 ஏப்ரலில் பொதுச் சுகாதாரப் பொறுப்பு ஊராட்சி மன்றங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. சாலையையும் நூலகத்தையும் கவனிக்கும் மன்றங்களே, புகைப்பதை நிறுத்த உதவும் சேவைக்கும் ஏற்பாடு செய்கின்றன.

நிறுத்த விரும்புபவர் முதலில் ஒரு நாளைக் குறித்துக்கொள்கிறார். பயிற்சி பெற்ற ஆலோசகர் வாரந்தோறும் அவரிடம் பேசுகிறார். நிக்கோட்டின் ஒட்டு, சுவிங்கம் அல்லது மாத்திரை கிடைக்கிறது. ஒரு சிறு கருவியில் ஊதினால், மூச்சில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று தெரிந்துவிடும். புகைப்பதை நிறுத்திய ஓரிரு நாளிலேயே அந்த அளவு இறங்குவதைக் கண்ணால் பார்க்கும்போது நம்பிக்கை பிறக்கிறது. மருந்தகம், சமூகக் கூடம், வேலையிடம் எனப் பல இடங்களில் இச்சேவை நடக்கிறது. தவறினால் திட்டுவதில்லை, மறுபடியும் வரச் சொல்கிறார்கள்.

தனியாக முயல்வோரைவிட, இத்தகைய உதவி பெறுவோர் வெற்றி பெறும் வாய்ப்பு மூன்று மடங்கு வரை அதிகம் என்று கூறப்படுகிறது. 2024 முதல் இச்சேவைகளுக்கு ஆண்டுக்குக் கூடுதலாக 7 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

நம் நாட்டில்?

மலேசியாவில் 2019 ஜனவரி 1 முதல் உணவகங்களில் புகைக்கத் தடை. 2024 அக்டோபர் 1இல் புகைப் பொருள் கட்டுப்பாட்டுக்கான புதிய சட்டமும் நடப்புக்கு வந்தது. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் புகைப்பதை நிறுத்த உதவும் சிகிச்சையும் உண்டு. ஆனால், உதவி நாடுபவர் கிளினிக்கைத் தேடிப் போக வேண்டும். வேலையை விட்டுவிட்டு எத்தனை பேர் போவார்கள்?

இங்கேதான் நகராண்மைக் கழகங்கள் கைகொடுக்கலாம். உணவக உரிமம், சந்தை, பொது மண்டபம் எல்லாம் அவற்றின் பொறுப்பில் இருக்கின்றன. இரவுச் சந்தையில் ஒரு மேசை போட்டு, சுகாதாரப் பணியாளரைக் கொண்டு மூச்சுச் சோதனை செய்யலாம். உணவகங்களில் தடை அறிவிப்புக்குப் பக்கத்திலேயே கிளினிக்கின் முகவரியையும் ஒட்டச் சொல்லலாம். தங்கள் தொழிலாளர்கள் சிகிச்சைக்குச் சென்றுவர வேலை நேரத்திலேயே அனுமதி தரலாம்.

உங்கள் வட்டார நகராண்மைக் கழக உறுப்பினரைச் சந்திக்கும்போது இதையும் கேளுங்கள். வீட்டில் ஒருவர் நிறுத்த முயன்று தவறியிருந்தால் குத்திக்காட்டாதீர்கள். அடுத்த முறை அவரோடு கிளினிக் வரை நீங்களும் போய் வாருங்கள்.