கியூஆர் கோடு: அந்தக் கட்டத்துக்குள் என்ன இருக்கிறது?

காய்கறிக் கடைத் தராசுக்குப் பக்கத்தில், ஆட்டோவுக்குள், பள்ளிவாசல் நன்கொடைப் பெட்டியின் மேல் என்று இந்தக் கருப்பு வெள்ளைக் கட்டத்தை எங்கும் பார்க்கிறோம். பணம் அனுப்பத்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனப் பொறியாளர் மசாஹிரோ ஹாராவும் அவரது குழுவும் இதை உருவாக்கியது கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைப்பதற்காக!

பழைய பார்கோடில் சுமார் இருபது எழுத்துகளே அடங்கும். கியூஆர் கோடிலோ எண்கள் மட்டும் என்றால் 7,089 வரை அடங்கும். மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய சதுரங்களை வைத்து, எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும் கேமரா திசையைக் கண்டுகொள்கிறது. தகவல் கூடுதல் பாதுகாப்போடு பதியப்படுவதால் ஓரளவு கிழிந்தாலும் கறை பட்டாலும் படித்துவிடும். பயன்படுத்துவோரிடம் அந்த நிறுவனம் காப்புரிமைக் கட்டணம் கேட்கவில்லை. உலகம் முழுக்கப் பரவியதற்கு அதுவும் முக்கியக் காரணம்.

தமிழ்நாட்டில் 2018-இல் வந்த புதிய பாடநூல்களிலும் இது இடம்பெற்றது. தீக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் பாடத்துக்கான காணொளி வரும். ஒருமுறைகூட ஸ்கேன் செய்யாமலே கல்வியாண்டு முடிந்துவிடும் வீடுகளும் உண்டு. இருக்கும் ஒரே போன் அத்தாவோடு வேலைக்குப் போய்விட்டால் பிள்ளை என்ன செய்யும்? இரவில் அரைமணி நேரமாவது அதற்கென்று ஒதுக்கிக் கொடுங்கள்.

ஆசிரியர்கள் இன்னொன்றும் செய்யலாம். கோடு உருவாக்கித் தரும் இலவசத் தளங்கள் உள்ளன. கணக்கின் விடையை வெறும் எழுத்தாகக் கோடில் பதிந்து கேள்வித்தாளில் அச்சிட்டால், மாணவர் போட்டுப் பார்த்துவிட்டு ஸ்கேன் செய்து சரிபார்ப்பார். விடை கோடுக்குள்ளேயே இருப்பதால் இணையம் தேவையில்லை. காணொளி இணைப்பு என்றால்தான் இணையம் வேண்டும்.

இனி எச்சரிக்கை. பணம் பெறுவதற்கு நாம் ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம். “பழைய சோபாவை வாங்கிக்கொள்கிறேன், இதை ஸ்கேன் செய்யுங்கள், பணம் வந்துவிடும்” என்று ஒருவர் கோடு அனுப்பினால், போகப்போவது உங்கள் பணம்தான். வீட்டில் இருக்கும் பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

இன்னொரு மோசடி, அசல் கோடின் மேல் வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவது. பணம் அனுப்புமுன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். பள்ளிவாசல் நிர்வாகிகள் வியாழன் இரவில் தங்கள் பெட்டியில் உள்ள கோடை ஸ்கேன் செய்து ஒரு ரூபாய் அனுப்பி, ஜமாஅத் கணக்கில் சேர்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.