அம்மாவின் சிம்முக்கு எந்த ரீசார்ஜ்?

சிலிண்டர் கொண்டுவந்த பையன், மொபைலுக்கு வந்திருக்கும் எண்ணைச் சொல்லச் சொல்லியிருக்கிறான். ஊரில் தனியாக இருக்கும் அம்மாவின் பட்டன் போனில் எதுவும் வரவில்லை. ரீசார்ஜ் முடிந்து பத்து நாளாகியிருந்தது. "யாரும் கூப்பிடலையேன்னு நானும் சும்மா இருந்துட்டேன்டா" என்றார் அம்மா. தப்பு என்னுடையது. ரீசார்ஜ் போடுவது நான்தான்.

அந்த வாரம் உட்கார்ந்து பிரீபெய்டு பேக்குகளை ஒரு நோட்டில் எழுதிக் கணக்குப் போட்டேன். நாம முதல்ல பார்க்கிறது விலை, அடுத்தது ஒரு நாளைக்கு எத்தனை ஜிபி. எத்தனை நாள் என்பதைக் கவனிப்பதே இல்லை. அங்கேதான் விஷயம் இருக்கு.

28 நாள் பேக்கை மாதப் பேக் என்று நினைக்கிறோம். 13 தடவை போட்டால்தான் 364 நாள். 84 நாள் பேக் இன்னும் மோசமாக ஏமாற்றும். 'மூணு மாசம்' என்று சொல்லிக்கொண்டு நாலு தடவை போட்டால் 336 நாள்தான் வரும், வருஷத்துக்கு 29 நாள் குறையும். அதனால் விலையை நாட்களால் வகுத்துப் பாருங்க. உதாரணத்துக்கு 28 நாளுக்கு 200 ரூபாய் என்றால் ஒரு நாளுக்கு 7.14. 30 நாளுக்கு 210 என்றால் 7 ரூபாய். விலை கூடின பேக்தான் மலிவு! 30 நாள் பேக்கும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற பேக்கும் கட்டாயம் இருக்கணும் என்று டிராய் 2022 ஜனவரியிலேயே உத்தரவு போட்டுவிட்டது.

ஆனால் அம்மாவுக்கு இது எதுவுமே முதல் கேள்வி இல்லை. பட்டன் போனுக்கு தினம் ஒன்றரை ஜிபி எதுக்கு? நள்ளிரவானால் அந்தக் கணக்கு அழிந்துவிடும், மிச்சம் சேராது. இத்தனை வருஷம் அதற்கும் சேர்த்துத்தான் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் தரணும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி கொண்டுவந்தது. அதே விதியில்தான் இத்தகைய பேக்குகளின் உச்சவரம்பு 90 நாளிலிருந்து 365 ஆனது. ஆப்பைத் திறந்ததும் அது கண்ணில் படவில்லை, தேடித்தான் எடுத்தேன். 'எஸ்எம்எஸ் இத்தனை' என்று போட்டிருப்பது நாம் அனுப்புவதற்கான அளவு. உள்ளே வரும் ஓடிபி அதில் கழியாது.

பேங்க், ஆதார், கேஸ் எல்லாம் அந்த ஒரே நம்பரில் இருக்கு. ரீசார்ஜ் முடிந்தால் முதலில் வெளியே பேச முடியாது, பிறகு உள்ளே வருவதும் நிற்கும். அப்படியே விட்டால் நம்பர் ரத்தாகி, பின்னாளில் வேறு யாருக்கோ போய்விடும். 90 நாள் பயன்படுத்தாத சிம்மில் 20 ரூபாய் இருப்பு இருந்தால், அதை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் நம்பரை வைத்திருக்கும் ஏற்பாடு உண்டு. அது நம்பரைக் காக்கத்தான். ஓடிபி வரும் என்று அதை நம்பிவிடாதீங்க.

அப்போ நேரா ஒரு வருஷப் பேக்கே போட்டுடலாமே? நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மா படுக்கும் உள்ளறையில் சிக்னல் ஒரு கோடுதான் நிற்கிறது. 1900-க்கு PORT என்று எஸ்எம்எஸ் அனுப்பினால் நம்பரோடு வேறு நிறுவனத்துக்கு மாறலாம், ஆனால் மிச்ச நாட்கள் கூட வராது. வருஷத்துக்குக் கட்டிவிட்டு இரண்டாம் மாதம் மாறினால் பத்து மாதக் காசு போச்சு. வீட்டுக்குள்ளே எந்த சிக்னல் எடுக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்களின் போனை வாங்கிப் பார்ப்பது எந்த ஒப்பீட்டுப் பட்டியலையும் விட மேல்.

இப்போதைக்கு பேச்சு மட்டும் உள்ள 84 நாள் பேக் போட்டிருக்கிறேன். தினசரி காலண்டரில் 80-ஆவது நாள் தாளில் 'ரீசார்ஜ்' என்று பேனாவால் எழுதிவைத்துவிட்டு வந்தேன். அந்தத் தாளைக் கிழிக்கும்போது அம்மாவே என்னைக் கூப்பிடுவதாக ஏற்பாடு.