வீடற்றோரும் நமது தொண்டர்களும்

தாம்பரம் ரயில்வே ஸ்டேஷனில் இரவு கடைசி வண்டிகளில் வந்திறங்கி, மேற்குப் புறத்துப் பெருஞ்சாலைக்கு நடந்து செல்பவர்கள் ஒரு காட்சியை நாள்தோறும் காண்கிறார்கள். சாத்திய கடைகளின் வாயிற்படியிலும், பஸ் நிற்குமிடத்துச் சிமெண்டுத் தரையிலும், பாலத்தின் அடியிலும் மனிதர்கள் படுத்துக் கிடக்கிறார்கள். சிலரிடம் ஒரு சாக்கு மூட்டை இருக்கிறது, சிலரிடம் அதுவுமில்லை. காண்கிறவர்களில் பெரும்பாலோர் கண்டும் காணாதவர்போல் வீடு போய்ச் சேருகிறார்கள். அவர்களில் நாமும் ஒருவராக வெகுகாலம் இருந்ததை நேயர்களிடம் மறைக்க வேண்டியதில்லை.

1931-ம் ஆண்டில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது முதலாகவே, தென்னாட்டிலிருந்து பட்டணத்துக்கு வருகிறவர்களுக்கு இவ்வூர் ஒரு வாயிலாக இருந்து வருகிறது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் திறக்கப்பட்ட பிறகு, தென் மாவட்டத்து வண்டிகளும் இப்பக்கத்திலேயே நின்றுவிடுகின்றன. பிழைப்புத் தேடி வருகிறவன் முதலில் கால் வைக்கும் இடமும், பிழைப்பிழந்தவன் கடைசியில் தலை சாய்க்கும் இடமும் இந்தத் தென் புறநகரமே என்று சொல்லலாம்.

இவர்களுக்கு இரவில் உணவும் போர்வையும் கொண்டு வருகிறவர்களில் கிறிஸ்தவ ஊழியக் குழுவினர் சிலர் இருக்கிறார்கள். பெரிய ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர்களல்லர். ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தையற்கடைக்காரர், கல்லூரி மாணவர் இருவர் - இப்படிப்பட்டவர்கள். நண்பர் ஒருவர் வற்புறுத்தியதன்பேரில், சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு நாமும் அவர்களுடன் சென்றோம். குற்றம் காணும் எண்ணமும் நம்மிடம் ஓரளவு இருந்தது என்பதே உண்மை.

அங்கே ஒரு பெரியவரைக் கண்டோம். கொத்து வேலை செய்தவர். சாரத்திலிருந்து விழுந்து கால் போனவர். பொட்டலத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "சோறு யாராவது கொடுத்துவிடுகிறார்கள், ஐயா. ஆஸ்பத்திரிக்குப் போனால் கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். எனக்கு யார் இருக்கிறார்கள்?" என்றார். தையற்கடைக்காரர் காலிலிருந்த புண்ணைப் பார்த்தார். "நாளைக் காலை ஏழு மணிக்கு வருகிறேன், பெரியவரே. இந்த இடத்தை விட்டுப் போய்விடாதீர்கள்" என்றார். மறுநாள் ஏழு மணிக்கு அவர் வந்தார் என்றும், கடையை மூடிவிட்டு மாலை வரையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தார் என்றும் பின்னர் அறிந்தோம். அவர் அன்றிழந்த கூலியைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் வெளியாகவில்லை.

இதை நாம் எழுதப் போகிறோம் என்று கேள்வியுற்றதும், தேசபக்தியில் எவருக்கும் இளைக்காத நமது நண்பர்கள் சிலர் இரண்டு ஆட்சேபங்களைக் கிளப்பினார்கள். இரண்டும் அலட்சியமாய்த் தள்ளத் தக்கவையல்ல.

முதலாவது ஆட்சேபம்: இது சோற்றைக் காட்டி மதத்தை மாற்றும் உபாயமன்றோ என்பது. இந்த வாதத்துக்கும் தாம்பரத்துக்கும் பழைய தொடர்புண்டு. 1938 டிசம்பரில் உலகின் பல தேசங்களிலிருந்து சுமார் 470 பிரதிநிதிகள் கூடிய கிறிஸ்தவ மிஷனரி மகாநாடு, அதற்கு முந்திய ஆண்டில் இவ்வூருக்குக் குடிபெயர்ந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலேதான் நடைபெற்றது. சீன தேசத்தில் நடப்பதாயிருந்த மகாநாடு, ஜப்பானிய யுத்தத்தின் காரணமாக இங்கே மாறிற்று. அதன் தலைவரான ஜான் மாட் இங்கு வருமுன் சேகாவுக்குச் சென்று காந்தியடிகளைச் சந்தித்தார். தேவைக்கு மேற்பட்ட பணம் சேர்ந்த மத ஸ்தாபனம் கடவுளிடம் வைக்க வேண்டிய நம்பிக்கையை இழந்துவிடும் என்பதே அடிகள் அவருக்குச் செய்த எச்சரிக்கை. ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் மதமாற்றத்துக்குக் கருவியாகக் கூடாதென்று அடிகள் பல்லாண்டுகள் சொல்லி வந்தார். நமது சட்டமும் இவ்விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. மதத்தைப் பிரசாரம் செய்யும் உரிமையை அரசியல் சட்டம் தந்திருக்கிறது. ஆனால் பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காதென்று சுப்ரீம் கோர்ட்டு 1977-ம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. மகாத்மாவின் கண்டனத்தை எடுத்துரைக்கும் நாம், அவருடைய செய்கையை ஏன் மறந்துவிடுகிறோம்? குஷ்டரோகியான பர்ச்சுரே சாஸ்திரியாரைச் சேவாகிராமத்தில் தமது குடிலருகே வைத்துக்கொண்டு, அவருடைய புண்களைத் தம் கையாலேயே கவனித்தவர் அவர். பணிவிடை செய்த கைக்கே பிறர் பணிவிடையைக் குறை கூறும் பாத்தியதை உண்டு. தெருவில் கிடப்பவனை ஒருநாளும் தொட்டறியாதவர், தொட்டுத் தூக்கியவனின் உள்நோக்கத்தை ஆராய்வது எவ்வகையில் நியாயம்?

கிறிஸ்தவர் செய்யும் தொண்டெல்லாம் அந்நியத் தொண்டு என்று பேசுவதும் பொருந்தாது. இதே தாம்பரத்தில் 1928-ம் ஆண்டில் க்ஷயரோக சானடோரியத்தை நிறுவிய டாக்டர் டேவிட் சவுரிமுத்து கிறிஸ்தவர், நம்மவர். இங்கிலாந்தில் அவருடைய பராமரிப்பிலிருந்த நோயாளிகளில் கணித மேதை ராமாநுஜனும் ஒருவர். அவர் தொடங்கிய சானடோரியத்தைச் சர்க்கார் 1937-ம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. வீட்டாரே அஞ்சி விலக்கிய நோயாளிகளுக்குப் பல தலைமுறைகளாக அது புகலிடமாய் இருந்து வந்திருக்கிறது. அங்கே படுக்கை பெற்றவர்களை எந்த மதத்தினர் என்று கணக்கெடுத்து யாருக்கு என்ன லாபம்?

கல்கத்தாவில் நடந்ததையும் நினைவு கூரலாம். 1952-ம் ஆண்டில், தெருவில் இறக்கும் தறுவாயிலிருந்தவர்களைத் தங்க வைப்பதற்காக, காளி கோவிலை அடுத்திருந்த யாத்திரிகர் விடுதியை அந்நகராட்சி அன்னை தெரஸாவுக்கு அளித்தது. எதிர்ப்புக் கிளம்பிற்று. ஆயினும், அங்கே நடந்த பணியை நேரில் கண்டவர்கள் தொகை பெருகப் பெருக எதிர்ப்புத் தணிந்தது. வெளியே நின்று வாதாடியவர்களைக் காட்டிலும் உள்ளே சென்று பார்த்தவர்களாலேயே விஷயம் முடிவாயிற்று.

உள்ளே சென்று பார்ப்பது மற்றொரு காரணத்தினாலும் அவசியமாகிறது. 2018 பிப்ரவரியில், உத்திரமேரூரை அடுத்த பாலேசுவரத்தில் ஆதரவற்ற முதியோருக்கான கிறிஸ்தவ இல்லம் ஒன்றின்மீது, பராமரிப்பு முறையைப் பற்றியும் இறந்தோரை அடக்கம் செய்த விதத்தைப் பற்றியும் கடுமையான புகார்கள் எழுந்தன. நிர்வாகத்தார் மறுத்தனர். அதிகாரிகள் சோதனையிட்டு, அங்கிருந்த நூற்றுக்கணக்கானவர்களை வேறிடங்களுக்கு மாற்றினார்கள். புகார்களைப் பற்றி இங்கே நாம் தீர்ப்புக் கூறவில்லை. ஆனால் அவ்வளவு பேர் வாழ்ந்த வீட்டுக்குள் அக்கம்பக்கத்துப் பொதுஜனங்கள் வாரந்தோறும் போய் வந்துகொண்டிருந்தால், இருந்த குறையும் முளைத்த சந்தேகமும் அந்த அளவுக்கு வளர்ந்திருக்குமா? கேட்பாரற்றவர்களை வைத்துக் காப்பாற்றும் இடம் எதுவாயினும், மடமாயினும் சர்ச்சாயினும் சர்க்கார் விடுதியாயினும், கேட்பார் இருப்பதே அதற்குச் சிறந்த காவல்.

ஆகவே, ஊழியக் குழுவினருக்கும் நாம் மூன்று விஷயங்களைச் சொல்லிக்கொள்ள விரும்புகிறோம். சோற்றுக்கு முன் ஜெபத்தை நிபந்தனையாக வைக்காதீர்கள். பசித்தவன் ஒப்பும் எதுவும் மனமார ஒப்பியதாகாது. கணக்கைத் திறந்து வையுங்கள். இல்லம் நடத்துகிறவர்கள் சட்டப்படி பதிவு செய்துகொள்ளுங்கள். இம்மூன்றையும் செய்கிறவர்களை எதிர்ப்பவர்களுக்கு நாமே பதில் சொல்லத் தயார்.

நிற்க. இரண்டாவது ஆட்சேபம் அரசியல் ஊழியர்களுடையது. இது சர்க்காரின் கடமை. தருமத்தினால் இதைச் செய்யச் செய்யச் சர்க்கார் தன் பொறுப்பிலிருந்து தப்பித்துக்கொள்ளும் என்கிறார்கள். கடமை சர்க்காருடையதே என்பதில் சந்தேகமில்லை. 1782-ம் ஆண்டுப் பஞ்சத்தில் சென்னையில் கஞ்சித் தொட்டியாகத் தோன்றிய மணியக்காரர் சத்திரம் முதல் இந்நகரம் இப்பிரச்னையை அறியும். ஆனால் சட்டம் ஏழையை நோக்கிய விதத்தைப் பாருங்கள். அந்நிய ஆட்சி முடியுமுன் 1945-ம் ஆண்டில் இயற்றப்பட்ட பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம், கையேந்துபவனைக் குற்றவாளியாக்கிற்று. அதையொத்த பம்பாய்ச் சட்டத்தின் முக்கிய பிரிவுகள் டில்லிக்குச் செல்லாவென்று 2018-ம் ஆண்டில் டில்லி ஹைக்கோர்ட்டு தீர்ப்பளித்தது. பிச்சை வறுமையின் விளைவென்று சொல்லி, அதைத் தெருவிலிருந்து தடை செய்ய 2021-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு மறுத்தது.

நியாயஸ்தலங்கள் இதற்கு மேலும் சென்றிருக்கின்றன. உணவுரிமை வழக்கில் 2010-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு இரவுத் தங்குமிடங்களைப் பற்றி உத்தரவுகள் பிறப்பித்தது. பின்னர் 2013-ம் ஆண்டில் வகுக்கப்பட்ட மத்திய சர்க்கார் திட்டத்தின்படி, நகரத்து ஜனத்தொகையில் லட்சம் பேருக்கு ஒரு நிரந்தரத் தங்குமிடம் வேண்டியிருந்தது. தங்கும் ஒவ்வொருவருக்கும் 50 சதுர அடி இடம் வேண்டியிருந்தது. 2011-ம் ஆண்டு ஜனக் கணக்கில் தேசமெங்கும் 17 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வீடற்றவர்களாகக் காணப்பட்டார்கள். அவர்களில் 9 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் நகரவாசிகள். பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலியவற்றை ஒன்றாக்கி 2021-ம் ஆண்டில் அமைந்த தாம்பரம் மாநகராட்சியின் எல்லைக்குள், அந்த 2011-ம் ஆண்டுக் கணக்குப்படியே 7 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வசித்தார்கள். அத்திட்டத்தின்படி ஏழு தங்குமிடங்களாவது வேண்டியிருந்தன. நமது வட்டத்தில் அவை எங்கெங்கே இருக்கின்றன, எத்தனை பேருக்கு இடமளிக்கின்றன, பெண்களுக்குத் தனி ஏற்பாடு உண்டா என்று கேட்டறிந்த அரசியல் ஊழியர் எத்தனை பேர்?

மனநோயுற்றுத் தெருவில் அலைபவர்களைப் பற்றியும் சட்டம் மௌனமாயில்லை. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 100-வது பிரிவு, அத்தகையவர்களைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் பொது மருத்துவ நிலையத்துக்குக் கொண்டு செல்லும் கடமையைப் போலீஸ் ஸ்டேஷன் அதிகாரியின்மீது சுமத்துகிறது. சட்டம் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்ல நள்ளிரவில் ஒரு மனிதன் அங்கே நிற்க வேண்டும். வக்கீல் தொழில் செய்யும் நமது நண்பர்கள் இதைச் சற்று யோசிக்கட்டும்.

தொண்டு செய்தால் சர்க்கார் தப்பித்துக்கொள்ளும் என்ற வாதம் இங்கேதான் தவறிவிடுகிறது. தெருவிலிருப்பவனிடம் போகாதவன் சர்க்காரிடம் எதைக் கேட்பான்? அந்த ஓரிரவில் நாம் தெரிந்துகொண்டது, அதுவரையில் எழுதிய தலையங்கங்களில் இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலும் பண்டிகை நாட்களிலும் சோறு மிஞ்சுகிறது. வார நாட்களில் கிடைப்பதில்லை. குளிக்க இடமில்லாததால் கூலி வேலைக்குச் சேர்ப்பாரில்லை. மூட்டையை வைக்க இடமில்லாததால், வேலை கிடைத்தாலும் விட்டுப் போக முடிவதில்லை. விலாசம் இல்லாததால் ரேஷன் அட்டைக்கும் ஆதார் அட்டைக்கும் அலைச்சல். அட்டை இல்லாததால் முதியோர் உதவித்தொகைக்கு மனுப்போட வழியில்லை. ஒவ்வொன்றும் மாநகராட்சியிலும் தாலுகா ஆபீஸிலும் கேட்டுப் பெற வேண்டிய காரியம். கேட்பதற்கு வேண்டிய அறிவு, பொட்டலம் கொடுக்கும்போதே கிடைத்துவிடுகிறது.

நமது தொண்டர்களுக்கு நாம் கூறுவது சுருக்கமானது. வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்குங்கள். ஒரே நாளில், ஒரே இடத்துக்குப் போங்கள். ஒருமுறை வந்து புகைப்படம் எடுத்துக்கொண்டு மறைகிறவரைத் தெருவில் வாழ்பவர்கள் நன்றாக அறிவார்கள். கட்சிக் கொடியையும் துண்டையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நீங்களாக ஒரு குழு அமைத்துச் செய்ய முடியுமாயின் மிகவும் நல்லது. அதுவரையில், ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் கிறிஸ்தவர்களோடு சேர்ந்துகொள்வதில் வெட்கம் எதற்கு? அவர்கள் ஜெபிக்கும்போது பக்கத்தில் மௌனமாய் நின்றால் நமது மதம் குறைந்துவிடாது. அவர்கள் வரம்பு மீறினால், உடனிருப்பவரென்ற உரிமையோடு கண்டிக்கவும் செய்யலாம்.

தரித்திர நாராயணனைப் பற்றி நமது மேடைகளில் எத்தனையோ முறை பேசியாகிவிட்டது. அந்த நாராயணன் இன்றிரவு தாம்பரத்தில், சாத்திய கடை ஒன்றின் வாயிலில், கால் புண்ணோடு படுத்திருக்கிறான். நாளைக் காலை ஏழு மணிக்கு அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போக ஓர் ஆள் தேவை. தையற்கடைக்காரர் ஒருவரே எத்தனை நாள் கடையை மூடுவார்?