முப்பது வருடக் குடித்தனத்துக்கு அத்தாட்சி எங்கே?

பென்ஷன் வாங்கியபின் ஸ்பெயினில் குடியேற விரும்பும் பிரிட்டிஷாரின் பாடு

இங்கிலாந்தில் குளிர்காலம் வந்துவிட்டால் மாலை நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். மழையும் தூறலும் ஓயாது. மூட்டுவலிக்காரர்களுக்கு அது போதாத காலம். ஆனால் இரண்டரை மணி நேரம் விமானத்தில் பறந்தால் போதும், ஸ்பெயினின் கடற்கரையில் பளிச்சென்று வெயில் அடித்துக் கொண்டிருக்கும்!

அலிகாந்தே, மாலகா ஆகிய பகுதிகளில் பிரிட்டிஷ் முதியவர்கள் ஆயிரக்கணக்கில் குடியிருப்பதற்கு இந்த வெயில்தான் காரணம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் சொந்த ஊர் வீட்டை விற்றுவிட்டு, அங்கே சின்னதாக ஒரு வீடு வாங்கிக் கொண்டு போய்விடுவார்கள்.

ஒரு காலத்தில் இது சுலபமான காரியமாக இருந்தது. பிரிட்டன் ஐரோப்பிய யூனியனில் இருந்தவரை, பெட்டியைத் தூக்கிக் கொண்டு போய் அங்குள்ள அலுவலகத்தில் பதிந்து கொண்டால் வேலை முடிந்தது. 2016-ல் நடந்த பொதுஜன வாக்கெடுப்பு எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. 2020-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதியோடு அந்தச் சலுகை முடிந்தது. அதற்குமுன் குடியேறியவர்களின் உரிமை காப்பாற்றப்பட்டது. புதிதாகப் போகிறவர்களோ, 180 நாட்களில் 90 நாட்கள் மட்டுமே விருந்தாளியாகத் தங்கலாம். அதற்கு மேல் இருக்க வேண்டுமானால் விசா வேண்டும்.

விசா கேட்டுப் போனால், ஸ்பெயின் அரசாங்கம் முக்கியமாக இரண்டு கேள்விகள் கேட்கிறது. "உங்கள் வருமானம் என்ன?" "உங்களோடு வருகிறவர் உங்களுக்கு என்ன உறவு?"

கேள்விகள் சிறியவை. பதில் சொல்வதுதான் பெரும்பாடு!

அளவுகோல் 600

ஓய்வு பெற்றவர்களில் பெரும்பாலோர் கேட்கும் விசாவுக்கு "லாப நோக்கமற்ற குடியிருப்பு" என்று பெயர். இதை வாங்கியவர்கள் ஸ்பெயினில் எந்த வேலையும் செய்யக்கூடாது. ஆகவே, உட்கார்ந்து சாப்பிடுவதற்கு வேண்டிய வருமானம் இருப்பதை முன்கூட்டியே காட்டிவிட வேண்டும்.

இதற்காக ஸ்பெயின் அரசாங்கம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. 2023-ல் அதை மாதம் 600 யூரோ என்று நிர்ணயித்தார்கள். 2025-லும் அதே தொகைதான். விசா கேட்பவருக்கு இந்த அளவுபோல நான்கு மடங்கு, அதாவது மாதம் 2,400 யூரோ வேண்டும். கூட வரும் ஒவ்வொருவருக்கும் இன்னொரு 600 யூரோ. ஆக, கணவன் மனைவி இருவருக்கும் மாதம் 3,000. வருடத்துக்கு 36,000 யூரோ.

பிரிட்டனில் 2025-26-ல் முழு அரசுப் பென்ஷன் வாரத்துக்கு 230 பவுன் 25 பென்ஸ். வருடத்துக்கு 11,973 பவுன். தம்பதிகள் இருவருக்கும் முழுப் பென்ஷன் கிடைத்தாலும் ஏறத்தாழ 28,000 யூரோதான் தேறும். 36,000 எங்கே, 28,000 எங்கே? கம்பெனிப் பென்ஷனோ, வீட்டு வாடகையோ, வங்கியில் சேமிப்போ இல்லாதவர்களுக்கு வெயில் எட்டாக் கனிதான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பென்ஷன் வருவது பவுனில். கணக்குப் பார்ப்பது யூரோவில். பவுனின் மதிப்பு இறங்கினால், நேற்றுப் போதுமானதாக இருந்த பென்ஷன் இன்று போதாமல் போய்விடும்.

யார் இந்த அம்மாள்?

வருமானத்தையாவது எண்ணிக் காட்டலாம். உறவை எப்படி எண்ணிக் காட்டுவது?

இப்படி ஒரு ஜோடியை நினைத்துப் பாருங்கள். அவருக்கு எல்லாப் பென்ஷனும் சேர்ந்து மாதம் 3,100 யூரோ வருகிறது. அந்த அம்மாளுக்குப் பென்ஷன் வயது இன்னும் வரவில்லை. இருவரும் முப்பது வருடமாக ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். அக்கம்பக்கத்தாருக்கு அவர்கள் கணவன் மனைவிதான். ஆனால் முறைப்படி கல்யாணம் செய்து கொள்ளவில்லை!

இங்கிலாந்தில் இது அதிசயம் அல்ல. நெடுநாள் சேர்ந்து வாழ்ந்தாலே சட்டம் மனைவியாக ஏற்றுக்கொள்ளும் என்று அங்கே பலர் நம்புகிறார்கள். அது வெறும் நம்பிக்கை. இங்கிலாந்துச் சட்டத்தில் அப்படி ஒரு மனைவி கிடையாது.

ஸ்பெயின் அரசாங்கம் கல்யாணம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. பதிவு செய்த துணைவர் என்றாலும் சரி. தாம்பத்தியத்துக்கு ஒப்பான நிலையான உறவு என்று நிரூபித்தாலும் சரி. ஆனால் நிரூபிக்க வேண்டும். இருவர் பெயரிலும் வீட்டுப் பத்திரம், கூட்டு வங்கிக் கணக்கு, மின்சார பில் என்று காட்ட வேண்டும்.

வீடு அவர் பெயரில். பில்லும் அவர் பெயரில். அந்த அம்மாளின் பெயர் எதிலுமே இல்லை என்றால்? முப்பது வருடம் சமைத்ததற்கும், நோயில் பக்கத்தில் இருந்ததற்கும் ரசீது ஏது?

ஒரு காகிதத்தின் விலை

உறவு நிரூபணமாகாவிட்டால் இருவரும் தனித்தனி ஆட்கள் ஆகிவிடுகிறார்கள். தனித்தனியே மனுப் போட வேண்டும். ஆளுக்கு 2,400 வீதம் மாதம் 4,800 யூரோ காட்ட வேண்டும். ஜோடியாகப் போனால் 3,000 போதும். ஆக, அந்த ஒரு காகிதத்தின் விலை மாதம் 1,800 யூரோ! சொந்த வருமானம் இல்லாத அந்த அம்மாளுக்கு விசாவே கிடைக்காது.

காகிதம் இருப்பவர்களுக்கும் அலைச்சல் உண்டு. கல்யாணச் சான்றிதழ் அசலானதுதான் என்று பிரிட்டிஷ் வெளிநாட்டு இலாகாவின் முத்திரை வாங்க வேண்டும். பிறகு, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஸ்பானிஷ் மொழியில் எழுதி வாங்க வேண்டும். போலீஸ் சான்றிதழ், டாக்டர் சான்றிதழ், வைத்திய இன்ஷூரன்ஸ் என்று கட்டு பெருத்துக் கொண்டே போகும்.

கிடைக்கும் அனுமதியும் முதலில் ஒரு வருடத்துக்குத்தான். பிறகு இரண்டிரண்டு வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். ஐந்து வருடம் முடிந்தபின்தான் நிரந்தரமாகத் தங்கக் கேட்கலாம்.

வெயிலுக்காக ஒரு கல்யாணம்

காகிதம் இல்லாதவர்களுக்கு வழி இருக்கிறது. கல்யாணம் செய்து கொள்வதுதான்! அது பிடிக்காதவர்கள் "சிவில் துணைவர்" என்று பதிந்து கொள்ளலாம். முதலில் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் பதிந்து கொள்வதற்காக வந்த இந்த ஏற்பாடு, 2019-ம் ஆண்டு டிசம்பர் 31 முதல் இங்கிலாந்தில் ஆண்-பெண் ஜோடிகளுக்கும் திறந்துவிடப்பட்டது.

எதுவானாலும் பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து 28 நாட்கள் காத்திருக்க வேண்டும். முன்பு ஒரு கல்யாணம் ஆகியிருந்தால், அது ரத்தான பத்திரத்தையும் தேடி எடுக்க வேண்டும்.

பிறகு ஒருநாள், நரைத்த தலையோடு இருவரும் அலுவலகத்துக்குப் போகிறார்கள். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். காரியம் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடுகிறது. முப்பது வருடமாகத் தெருவே அறிந்த உண்மையை, சர்க்கார் அன்றுதான் அறிந்து கொள்கிறது!

வெயிலைத் தேடிப் போகிறவர்கள் பெட்டி கட்டும்போது, முதலில் எடுத்து வைக்க வேண்டியது அந்தக் காகிதத்தைத்தான்.