நீரிழிவுள்ள பெண்மணிகளும் இருதய நலமும்

"தினம் நாலு பல் பூண்டு தின்றால் கொழுப்புத் தானே கரையும், மருந்து எதற்கு?" வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் இவ்வாறு கேட்கும் அன்பர்கள் பலர். பூண்டு நல்ல உணவு. நம் அங்கத்தினர் பலருக்குப் பிழைப்பளிப்பதும் அதுவே. ஆயினும் அது கொலஸ்டிராலைச் சிறிதளவே குறைப்பதாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. நீரிழிவும் பருத்த உடலும் ஒருங்கே உடைய பெண்களுக்கு அது மருந்துக்கு ஈடாகாது. அதன் காரணத்தை இங்குக் காண்போம்.

மாதவிலக்கு நிற்கும் வரை பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது. அது நல்ல கொலஸ்டிராலை உயர்த்திக் கெட்ட கொலஸ்டிராலைத் தாழ்த்துகிறது. ஆதலின் ஆண்களைவிடச் சுமார் பத்தாண்டு பிந்தியே பெண்களை மாரடைப்பு அணுகுவது வழக்கம். நீரிழிவு வந்துவிட்டாலோ, இச்சலுகை பெரும்பாலும் பறிபோகிறது. அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் நகரில் 1948இல் தொடங்கிய ஆராய்ச்சி இவ்வுண்மையை எடுத்துக்காட்டியது.

இது நிகழும் விதம் யாது? வயிற்றினுள் சேரும் கொழுப்பு, கணையம் சுரக்கும் இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது. அக்கொழுப்பிலிருந்து கசியும் அமிலங்கள் கல்லீரலை அடைய, கல்லீரல் அவற்றை ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பாக்கி இரத்தத்தில் விடுகிறது. நல்ல கொலஸ்டிரால் குறைகிறது; கெட்ட கொலஸ்டிராலின் துகள்கள் சிறுத்து, இரத்தக் குழாய்ச் சுவரில் எளிதில் புகுகின்றன. குழாயைக் காக்கும் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோனும் உடல் பருக்கப் பருக்கக் குறைகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023இல் வெளியான ஆய்வின்படி, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 100க்கு 14 பேருக்கு நீரிழிவு உண்டு. நான் தணிக்கைக்குச் செல்லும் சங்கங்களில் பெண் அங்கத்தினர்களை விசாரித்தால், சர்க்கரை அளவை உடனே கூறுகின்றனர். கொழுப்பின் அளவைக் கூறுவோர் அரியர். கைரொக்கத்தை மட்டும் எண்ணிவிட்டுத் தணிக்கையை முடித்தல் ஆகுமா?

எனவே, நீரிழிவுள்ள பெண்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்தக் கொழுப்பைப் பரிசோதித்தல் வேண்டும். 100 மில்லி இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு 150 மில்லிகிராமுக்குக் கீழும், நல்ல கொலஸ்டிரால் 50க்கு மேலும் இருத்தல் நலம். கெட்ட கொலஸ்டிரால் 100க்குக் கீழ் இருக்கவேண்டும். சிலருக்கு இன்னும் குறைக்க மருத்துவர் கூறுவர். இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரை மிஞ்சலாகாது. எடையில் 100க்கு 5 பங்கு குறைந்தாலே நற்பயன் தெரியும். நாள்தோறும் அரைமணி நடையும், அளவான சோறும் இதற்கு உதவும். கொழுப்புக்குத் தரும் மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது.

பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சு வலியாகவே வருவதில்லை. மூச்சுத் திணறல், தாடையிலோ முதுகிலோ வலி, குமட்டல், காரணமற்ற அயர்ச்சி எனவும் வரும். அதை "வாய்வு" என்று கூறிப் பூண்டை வதக்கிக் கொடுத்துக் காலத்தைப் போக்காமல், உடனே 108 வண்டியை அழைத்தல் வேண்டும்.

சங்கத் தவணையை ஒருநாளும் தவறவிடாத பெண்மணி, தன் உடலைப் பார்க்கும் நாளை மட்டும் தள்ளிப்போடுகிறாள். அவளுடன் மருத்துவமனைக்குச் செல்வது குடும்பத்தாரின் கடமையாகும்.