அருளானந்தர் பிறந்த ஊரில் இளையோர் உலா

"உலக இளையோர் நாள் என்று பெயர், கடைசியில் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத்தானே வருகிறார்கள்!" என்று பெரியவர்கள் சிலர் சொல்வதுண்டு. அக்கூற்றில் பாதி உண்மை. ஊர் சுற்றுவது மெய்தான். அது செபத்தைக் கெடுக்கும் வேலையா, செபத்தின் ஒரு பகுதியா என்பதே கேள்வி. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 1 முதல் 6 வரை போர்ச்சுக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் நடைபெற்ற உலக இளையோர் நாளை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். அந்த ஊரைத் தேர்ந்துகொள்ள நமக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் நாள்தோறும் பெயர் சொல்லி மன்றாடும் புனிதர் இருவர் அந்த ஊர்ப் பிள்ளைகள்.

இவ்விழாவைத் தொடங்கி வைத்தவர் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர். 1987இல் அர்ஜென்டீனாவின் புவெனோஸ் அயர்ஸ் நகரில் நடந்தபோதுதான் அது முதன்முதலாக ரோமாபுரியை விட்டு வெளியே வந்தது. லிஸ்பன் விழாவுக்கு வந்தவர் பாப்பரசர் பிரான்சிஸ். 2025இல் அவர் இறைவனடி சேர்ந்தார். திருச்சபையில் எல்லாருக்கும் இடமுண்டு என்று கூறி, "எல்லாரும்" என்னும் சொல்லை இளையோரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். தேஜோ ஆற்றங்கரைத் திடலில் நடந்த இறுதித் திருப்பலியில் ஏறக்குறைய 15 லட்சம் பேர் கூடினர். அத்திடலின் ஒரு பகுதி ஒரு காலத்தில் நகரத்துக் குப்பையைக் கொட்டிய இடமாம்!

விழாவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பங்குக் குழுக்களாகவே வருகின்றனர். குழுவோடு ஒரு குருவோ கன்னியரோ இருப்பர். பங்கு மண்டபத்திலும் பள்ளிக்கூட வகுப்பறையிலும் தரையில் படுக்கை. சிலருக்கு அவ்வூர்க் குடும்பங்களின் வீட்டில் இடம். பேருந்துக்கும் ரயிலுக்கும் ஒரு சீட்டு, சாப்பாட்டுக்கு ஒரு சீட்டு. காலையில் மறையுரை, திருப்பலி. அதற்குப்பின் ஊரைப் பார்க்க நேரம் உண்டு. மரியன்னை எலிசபெத்தம்மாளைக் காண மலைநாட்டுக்கு விரைந்து சென்ற நிகழ்ச்சியே அவ்வாண்டின் தியானப் பொருள். லிஸ்பனும் மேடும் பள்ளமுமான ஊர்தான். நடைபாதையில் பதித்த வழவழப்பான கற்கள் சறுக்கும். ஆகவே நல்ல செருப்பு வேண்டும் என்பது முதல் பாடம்.

நாமும் ஒரு குழுவோடு சேர்ந்து மனத்தால் நடப்போம், வாருங்கள் தோழியரே.

ஆற்றோரமாக மேற்கே ஓடும் டிராம் வண்டி நம்மைப் பெலேம் என்னுமிடத்தில் இறக்கிவிடுகிறது. பெலேம் என்றால் பெத்லகேம். கப்பலேறும் மாலுமிகள் கடைசியாக மன்றாடிச் சென்ற சிற்றாலயம் இங்கேதான் இருந்தது. 1497இல் வாஸ்கோ ட காமா புறப்பட்டதும் இங்கிருந்தே. பின்னர் மானுவேல் மன்னர் அவ்விடத்தில் ஜெரோனிமோஸ் மடத்தைக் கட்டுவித்தார். கப்பல் கயிறு போல முறுக்கிய கல் வேலைப்பாடு கண்கொள்ளாக் காட்சி. அதைக் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழ்த்திசையிலிருந்தும் வந்த சரக்குகளின் மீது விதித்த வரி, இருபதில் ஒரு பங்கு. அச்சரக்குகளில் நம் மேற்குக் கரை மிளகும் உண்டு. தூணைப் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறவர்கள் மிளகுக் கொடியின் சொந்தக்காரரை நினைப்பதில்லை. நாமாவது நினைக்கலாம்.

1541ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், தம்முடைய 35ஆவது பிறந்தநாளில், சவேரியாரும் லிஸ்பனிலிருந்தே கப்பலேறினார். கோவாவை அடைய அவருக்கு 13 மாதங்கள் ஆயின. அதே 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். மணப்பாட்டுக் குகையைக் கண்டவர்களுக்கு இந்த ஆற்றைப் பார்த்ததும் கைகூப்பத் தோன்றாதா?

பெலேமில் இரண்டு சிறு செய்திகள். இங்குள்ள பழைய கடையொன்றில் முட்டைக்கருவும் பாலும் சேர்த்துச் சுட்ட பணியாரம் 1837 முதல் விற்பனையாகிறது. மடங்களில் உடுப்புக்குக் கஞ்சி போட முட்டையின் வெள்ளைக்கருவைப் பயன்படுத்துவார்களாம். மிஞ்சிய மஞ்சள்கருவில் பிறந்ததே இப்பலகாரம் என்பர். நம் கன்னியரின் உடுப்புக்கு அரிசிக் கஞ்சி போட்டதால் நமக்குப் பணியாரம் கிடைக்காமற் போயிற்று! மற்றது, விழா நாட்களில் பெலேம் பூங்காவில் 150 பாவசங்கீர்த்தனத் தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். அவற்றைச் செய்தவர்கள் சிறைச்சாலைக் கைதிகள். பாப்பரசர் பிரான்சிஸ் அங்கே அமர்ந்து மூன்று இளையோரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டார்.

மீண்டும் நகருக்குள் வந்து மேட்டில் ஏறினால் சேசு சபையார் கட்டிய புனித ரோக் ஆலயம். வெளியே பார்த்தால் சாதாரணச் சுவர், உள்ளே பொன்மயம். சக்ரீஸ்தில் சவேரியாரின் வாழ்வைக் காட்டும் 20 ஓவியங்கள் தொங்குகின்றன. ஆந்திரே ரெய்னோசோ என்பவர் 1619ஆம் ஆண்டளவில் தீட்டியவை. இவ்வளவு புகழ் பெற்ற சபையை 1759இல் போர்ச்சுக்கல் அரசு நாடு கடத்திவிட்டது. அதன் அடி நம் மதுரை மிஷன் வரை வந்து விழுந்தது.

சற்றுத் தள்ளிக் கார்மல் மாதா மடத்தின் கோவில் கூரையில்லாமல் நிற்கிறது. வளைவுகளுக்கு மேலே வானந்தான். 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். காலைப் பூசைக்கு மக்கள் கோவில்களில் நிறைந்திருந்த வேளையில் நில அதிர்ச்சி உண்டாயிற்று. பீடங்களின் மெழுகுவர்த்திகள் விழுந்து தீப்பற்றியது. ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடல் அலை அடித்துச் சென்றது. பல்லாயிரம் பேர் மாண்டனர். சுனாமியை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்னர்க் கட்டிய வீடுகளின் சுவருக்குள் கூண்டு போல மரச்சட்டம் வைத்தார்கள். நிலம் அதிர்ந்தால் கட்டடம் வளைந்து கொடுக்கும். இடிந்த இக்கோவிலை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்கள்.

மேட்டிலிருந்து இறங்கினால் புனித சாமிநாதர் ஆலயம். இதைப் பல குழுக்கள் பார்க்காமலே போய்விடும். 1959இல் தீக்கிரையானது. வெந்த தூண்களைப் பூசி மறைக்காமல் அப்படியே வைத்துத் திருப்பலி நடத்துகின்றனர். அதைவிடப் பெரிய காயம் ஒன்று இவ்வாலயத்துக்கு உண்டு. 1497இல் போர்ச்சுக்கலின் யூதர்களைக் கட்டாயப்படுத்தி ஞானஸ்நானம் பெறச் செய்தனர். 1506 ஏப்ரலில், வறட்சியும் கொள்ளைநோயும் வாட்டிய சமயம், இவ்வாலயத்தின் பாடுபட்ட சுரூபத்தில் ஒளி தோன்றியதாகச் சிலர் கூறினர். அதைச் சந்தேகித்துப் பேசிய ஒரு புதுக் கிறிஸ்தவரைக் கூட்டம் அடித்துக் கொன்றது. துறவியர் இருவரே கூட்டத்தைத் தூண்டிவிட்டனர். தொடர்ந்து நடந்த படுகொலையில் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அரசர் அத்துறவியருக்கு மரண தண்டனை விதித்தார். 2008இல் எழுப்பிய நினைவுக்கல் ஆலயத்துக்கு வெளியே நிற்கிறது.

இதைப் பள்ளி மலரில் எழுதலாமா என்று எங்களுக்குள்ளே ஒரு விவாதம் எழுந்தது. எழுதலாம் என்றே முடிவு செய்தோம். 2000ஆம் ஆண்டு தவக்காலத்தில் இரண்டாம் அருள் சின்னப்பர் புனித இராயப்பர் பேராலயத்தில் நின்று, திருச்சபையின் பிள்ளைகள் யூதருக்கு இழைத்த தீங்குக்காகவும் இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். பாப்பரசரே மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்? ஊர் பார்ப்பது செபமாகும் இடம் இதுதான் என்று எங்களுக்குப் படுகிறது. பொன் பீடத்தின் முன் எவரும் எளிதாக முழந்தாளிடலாம். கருகிய தூணின் முன் முழந்தாளிடச் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இனி நம் புனிதர்கள். கிழக்கே பேராலயத்துக்கு அருகில் புனித அந்தோணியார் ஆலயம். பதுவை அந்தோணியார் என்று நாம் சொன்னாலும் அவர் 1195இல் பிறந்தது லிஸ்பனில். பெர்னாந்து என்பது பெற்றோர் இட்ட பெயர். பிறந்த வீடு இருந்த இடம் என்று காட்டும் நிலவறைக்குப் படியிறங்கிச் செல்லலாம். 1982இல் இரண்டாம் அருள் சின்னப்பரும் அங்கே செபித்தார். 1755இல் இடிந்த கோவிலைத் திரும்பக் கட்டுகையில், தெருத்தெருவாகச் சிறுவர் சிறுமியர் "அந்தோணியாருக்கு ஒரு காசு" என்று கேட்டுச் சேர்த்த பணமும் உதவிற்றாம். புளியம்பட்டியிலும் உவரியிலும் நேர்ச்சைக் காசு போட்ட கைகள் நம்முடையவை. அந்தப் பிள்ளைகளை நமக்குப் புரியும்.

அங்கிருந்து சில நிமிட இறக்கத்தில் ஆற்றை நோக்கித் திறந்த பெரிய சதுக்கம். மூன்று பக்கம் மஞ்சள் கட்டடங்கள், நான்காம் பக்கம் தண்ணீர். ஒரு காலத்தில் அரச மாளிகை இருந்த இடம் இது. 1647இல் லிஸ்பனில் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, அதாவது நம் செம்மண் புனிதர் அருளானந்தர், சிறுவனாக அரண்மனைப் பணிக்கு வந்து இளவரசர் பெத்ருவின் தோழரானார். அவருக்குக் கடும் நோய் கண்டபோது தாய் சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். குணமான பின் ஓராண்டு முழுவதும் சேசு சபைக் குருக்களைப் போன்ற சிற்றங்கி அணிந்து அரண்மனையில் நடமாடினாராம்.

நேர்ந்துகொண்ட தாய்தான், மகன் இந்தியாவுக்குப் புறப்படுகிறான் என்றதும் பாப்பரசரின் தூதரிடமே போய்த் தடுக்கச் சொன்னார். அந்தத் தாயைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அவர் கணவர் பிரேசிலில் ஆளுநராய்ப் போய் அங்கேயே இறந்தவர். கப்பல் எதைக் கொண்டுபோகும் என்பது அந்த வீட்டுக்குத் தெரியும். 1673இல் மகன் போய்விட்டார்.

1686இல் மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டுத் தப்பிய அருளானந்தரை, மறு ஆண்டு சபைப் பணிக்காக லிஸ்பனுக்கு அனுப்பினர். இதற்குள் பெத்ரு அரசராகியிருந்தார். இங்கேயே இரும், என் மகனுக்கு ஆசானாயிரும் என்று கேட்டுக்கொண்டார். தோழரின் வேண்டுகோள், அதுவும் அரசரின் வேண்டுகோள். ஆனாலும் 1690இல் அருளானந்தர் மீண்டும் இந்திய மண்ணில் இருந்தார். 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டு வேதசாட்சியானார். 1947இல் புனிதர் பட்டம் பெற்றார். 2023 விழாவின் பாதுகாவலர் பட்டியலில் அந்தோணியாரோடு அருளானந்தரின் பெயரும் இருந்தது.

ஓரியூர்ச் செம்மண்ணை நம்மில் பலர் நெற்றியில் இட்டிருக்கிறோம். அந்தப் பாதை தொடங்கிய இடம் இச்சதுக்கம். அரசர் இருக்கச் சொன்ன மாளிகை 1755இல் தன் 70,000 நூல்களோடு அழிந்தது. அதற்கு வணிகச் சதுக்கம் என்று அரசாங்கம் புதுப்பெயர் வைத்து இரண்டரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஊர் மக்கள் இன்றும் அதை அரண்மனை முற்றம் என்றே சொல்கிறார்கள்.